புதுவையில் எழுத்தாளரைத் தாங்கிய இடங்கள்: கவிதா மண்டலமும் முதலியார்பேட்டையும்

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரியில் 1908 முதல் கவிஞர்கள் உருவான முறையை ஆராய்ந்தால், அவர்களுக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் வீடுகளும் சிற்றிதழ்களுமே என்பது புலப்படும். அவ்வீடுகள் இன்று நினைவில்லங்களாக உள்ளன. அவற்றில் நடந்த பணிகள் எவை, அப்பணிகளுக்கு இன்று இடம் எது என்பதை முதலியார்பேட்டையை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புதுவை இலக்கியம், பாரதிதாசன், கவிதா மண்டலம், தமிழ்ஒளி, நினைவில்லம், முதலியார்பேட்டை

வட்டத்துக்கு உள்ளும் புறமும்

புதுச்சேரியின் பழைய நகரம் புல்வார் என வழங்கும் நீள்வட்டச் சாலைக்குள் அடங்கியது. பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடும், பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீடும், 1827இல் தொடங்கப்பெற்று இன்று ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கி நிற்கும் பொது நூலகமும் இவ்வட்டத்தினுள் அமைந்தவை. முதலியார்பேட்டை இதற்குத் தெற்கே, வட்டத்துக்கு வெளியே, கடலூர்ச் சாலையை ஒட்டிய பகுதி. பிரெஞ்சு ஆட்சியில் அது தனிக் கொம்யூனாக இருந்தது. பின்னர் புதுவை நகராட்சியுடன் இணைந்தது. 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு நூற்பாலையின் சங்கொலிக்கேற்பப் பல தலைமுறைகள் பொழுதைப் பகுத்துக்கொண்ட ஊர் அது. அவ்வாலை 2020இல் மூடப்பட்டது.

இலக்கிய வரலாறு வட்டத்துக்குள் நிகழ்ந்ததாகவும், உழைப்பு வரலாறு வட்டத்துக்கு வெளியே நிகழ்ந்ததாகவும் எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. அது முழுவதும் சரியன்று. வ. சுப்பையா 1934இல் தொடங்கிய 'சுதந்திரம்' இதழ் தொழிலாளர் கோரிக்கைகளை அச்சில் ஏற்றியது. 1936 சூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரு தொழிலாளர் உயிர்நீத்த பின், மறு ஆண்டே எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலைத் தொழிலாளர் படிக்கவும் படித்துக் காட்டவும் ஓர் ஏடு அக்காலத்திலேயே இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

மண்டலம் என்னும் சொல்

பாரதியார் 1908இல் புதுவைக்கு வந்தார், பத்தாண்டுகள் தங்கினார். கனகசுப்புரத்தினம் என்னும் இளம் ஆசிரியர் அவரை அறிந்தது இக்காலத்தில்தான். நண்பர்கள் கூடியிருந்தபோது அங்கேயே ஒரு பாட்டு எழுதும்படி பாரதியார் கேட்டதும், அவர் எழுதிய பாட்டைத் தம் 'கவிதா மண்டலத்தை'ச் சேர்ந்தவர் எழுதியது என்னும் குறிப்புடன் சுதேசமித்திரனுக்கு அனுப்பியதும் நன்கு அறியப்பட்ட செய்திகள். இந்நிகழ்ச்சியை ஒரு பெருங்கவிஞரின் பெருந்தன்மையாக மட்டும் காண்பது வழக்கம். நடைமுறையில் அங்கே நிகழ்ந்தவை வேறு சில. இளைஞர் ஒருவர் பலர் முன்னிலையில் எழுத நேர்ந்தது. எழுதியது உடனே கேட்கப்பட்டது. மூத்தவர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்று இதழுக்கு அனுப்பினார். அந்தக் குறிப்பு ஒரு பரிந்துரை மடல். இதழாசிரியர் அறியாத பெயர் ஒன்று, அறிந்த பெயரின் துணையோடு அவர் மேசையை அடைந்தது.

அச்சொல் மறையவில்லை. 1935இல் பாரதிதாசன் முயற்சியால் புதுவையிலிருந்து வெளிவந்த கவிதை இதழுக்கு 'ஸ்ரீ சுப்ரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்றே பெயரிடப்பட்டது. முழுவதும் செய்யுளாலேயே அமைந்த ஏடு அது. எஸ். ஆர். சுப்பிரமணியம் அதன் ஆசிரியப் பொறுப்பில் பங்கேற்றார். முன்பு ஒருவரை அறிமுகம் செய்த குறிப்பிலிருந்த சொல், இப்போது பலரை அறிமுகம் செய்யும் இதழின் தலைப்பாயிற்று. மண்டலம் என்பது கட்டடத்தையோ பதிவு பெற்ற அமைப்பையோ குறித்ததன்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பொறுப்பேற்று வெளிக்கொணரும் உறவைக் குறித்தது.

எல்லை தடுத்த ஏடு

அச்சுச் சுதந்திரம் இருந்தால் போதும், எழுத்து தழைக்கும் என்னும் நம்பிக்கைக்குப் புதுவை ஒரு மறுப்புச் சான்று. பிரெஞ்சு நாட்டின் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் இங்கும் செல்லுபடியானதால், சென்னையில் நடத்த இயலாத 'இந்தியா' இதழ் 1908 அக்டோபர் முதல் புதுவையில் அச்சாயிற்று. ஆயினும் வாங்கிப் படிப்போரில் பெரும்பகுதியினர் எல்லைக்கு அப்பால் இருந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் செல்வது தடுக்கப்பட்டதும், 1910 மார்ச்சில் அது நின்றது. அச்சகமும் எழுதுவோரும் இருந்தும் வாசகரை எட்டும் வழி இல்லாமற் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குள் பாரதிதாசனின் 'குயில்' இதழும் சென்னை மாகாண அரசின் தடையைச் சந்தித்தது. 1958இல் கிழமை இதழாக மீண்டும் வந்தது. உள்ளூர் எழுத்தாளரைத் தாங்கும் எந்த மையமும் ஊருக்கு வெளியே செல்லும் அஞ்சல் வழியையும் சேர்த்தே எண்ணியாக வேண்டும் என்பதை இவ்விரு ஏடுகளும் காட்டுகின்றன.

95ஆம் எண் வீடு

பெருமாள் கோயில் தெரு 95ஆம் எண் வீட்டைப் பாரதிதாசன் 1945இல் வாங்கினார். மறு ஆண்டு, முப்பத்தேழு ஆண்டு ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு சூலையில் சென்னையில் அண்ணா முன்னின்று 25,000 ரூபாய் நிதி திரட்டி வழங்கினார். மூன்றையும் சேர்த்துக் காண வேண்டும். நிலையான இடம், முழு நேரம், ஓரளவு பணம் ஆகியவை ஒரு கவிஞருக்கு ஐம்பத்தைந்தாம் வயதில்தான் ஒன்றாக வாய்த்தன. அதுவரை அவருடைய இலக்கிய வாழ்வைத் தாங்கியது அரசுப் பள்ளி ஆசிரியர் ஊதியம்.

பள்ளி வேறொரு வகையிலும் துணை நின்றது. வாணிதாசன் அவரிடம் பள்ளியில் பயின்றவர். புதுவைச் சிவம் அவருடைய வழியில் வந்த கவிஞர்; ஞாயிறு நூற்பதிப்பகத்தை நடத்திப் பதிப்பாளராகவும் விளங்கினார். முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த 'பொன்னி' இதழ் 1947 தொடங்கி 'பாரதிதாசன் பரம்பரை' என்னும் தலைப்பில் இளங்கவிஞர் பலரை வரிசையாக அறிமுகம் செய்தபோது, வகுப்பறையிலும் வீட்டிலும் தொடங்கிய உறவு தமிழகம் தழுவிய ஓர் அடையாளமாயிற்று. ஆசானின் செல்வாக்கு இளையவர் நடையைத் தன் பக்கம் ஈர்த்து ஒரேபோல் ஆக்கிவிடும் இடரும் இதில் உண்டு. அப்பரம்பரையினர் பலருடைய தொடக்கப் பாக்களில் இதைக் காணலாம். வாணிதாசன் இயற்கைப் பாடல்களால் அதிலிருந்து விலகித் தமக்கென ஒரு குரலை அமைத்துக்கொண்டார்.

பாரதிதாசன் 1964 ஏப்ரல் 21 அன்று மறைந்தார். 1971இல் அவ்வில்லம் அரசுடைமையாகி, நினைவு நூலகமும் காட்சிக்கூடமும் ஆயிற்று. இதனால் ஏடுகளும் படங்களும் காக்கப்பட்டன. ஆய்வாளர்க்கு இடம் கிடைத்தது. இதன் பயனைக் குறைத்துக் கூற இயலாது. ஆயினும் காட்சிக்கூடம் முடிந்துபோன எழுத்தைக் காப்பது. எழுதிக்கொண்டிருப்பவரின் அரைகுறைப் படியைத் திருத்தும் வேலை அதன் இயல்புக்கு உரியதன்று.

கைப்படியின் கதி

இவ்வேறுபாட்டின் விளைவை உணர்த்துபவர் தமிழ்ஒளி. விஜயரங்கம் என்னும் இயற்பெயருடைய இவர் 1924இல் ஆடூரில் பிறந்து புதுவையில் வளர்ந்தார். பாரதிதாசனின் அன்புக்குரிய மாணவர். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டுத் தொழிலாளரையும் ஒடுக்கப்பட்டோரையும் பாடியவர். 'வீராயி' காவியத்தின் ஆசிரியர். 1965 மார்ச் 29 அன்று நாற்பதாம் வயதில் மறைந்தார். அவருடைய ஆக்கங்களில் பல பின்னாளில் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம் செ. து. சஞ்சீவி என்னும் நண்பர். கைப்படிகளைத் திரட்டிக் காத்து, நூல்களாக வெளியிட்டவர் அவரே. ஒரு நண்பரின் விடாமுயற்சியை நம்பி ஒரு கவிஞரின் வாழ்நாள் உழைப்பு நின்றது. அத்தகைய நண்பர் வாய்க்காதவர்களின் கைப்படிகள் வீடு மாறும்போதும், மழையில் கூரை ஒழுகும்போதும், பழைய தாள் எடைக்குப் போடும்போதும் அழியும்.

அரங்கமும் அறையும்

புதுவையில் இலக்கியம் கேட்கும் இடங்களுக்குக் குறைவில்லை. கம்பன் கழகத்தின் ஆண்டு விழா கம்பன் கலையரங்கில் மூன்று நாள் நிகழ்கிறது; பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் அவை நிறைகிறது. வெங்கட்டா நகரில் புதுவைத் தமிழ்ச் சங்கம் உள்ளது. பாரதிதாசனின் மைந்தர் மன்னர் மன்னன் அதன் தலைவராகப் பணியாற்றினார். கவியரங்கம் குரல் வளத்தையும் உடனடிப் பாராட்டையும் வேண்டுவது. சிறுகதையும் நாவலும் அங்கே பிறப்பதில்லை. 'வானம் வசப்படும்' நாவலுக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிரபஞ்சன், அந்நாவலுக்கான களத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக் காலத்திலிருந்து எடுத்தார். அத்தகைய வேலைக்குத் தேவை ஒலிபெருக்கியில்லாத அறை, பழைய ஏடுகள், ஆண்டுக்கணக்கான பொழுது. கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வருகைப் பேராசிரியராக அமர்ந்து நாட்டார் கதைகளைத் திரட்டியதும், பட்டம் பெறாத ஓர் உழவருக்கு ஒரு நிறுவனம் மேசையும் மாணவர்களையும் தந்ததனால் இயன்றது.

முதலியார்பேட்டைக்குப் பொருந்துவது

மேற்கண்டவற்றை முதலியார்பேட்டையில் வைத்து எண்ணினால், அங்கு வேண்டப்படுவது சிறியது என்பது விளங்கும். விழா மண்டபம் கட்டும் செலவில் பத்திலொரு பங்கு போதும். வேலை முடிந்து வருவோர்க்காக மாலையில் திறக்கும் ஓர் அறை. எழுதியதைப் படித்துக் கேட்டுத் திருத்தும் மூத்தவர் ஒருவர், அவருக்கு ஊதியம். கைப்படிகளை உரியவர் பெயரிட்டுப் பதிந்து படியெடுத்து வைக்கும் ஓர் இரும்புப் பேழை. ஆண்டுக்குச் சில இதழ்களேனும் அச்சிடும் பணம். ஊதியத்தை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பாரதியாரும் பாரதிதாசனும் இளையவர்க்குச் செய்ததை அன்பினால் செய்தனர். அன்பை ஒரு நிறுவனத்தின் வரவுசெலவில் எழுத முடியாது, ஆசிரியரின் பொழுதை எழுத முடியும்.

ஆலைத் தொழிலாளராக வாழ்ந்து முதியவர்களானோர் இன்றும் கடலூர்ச் சாலையின் இருபுறத்தும் வாழ்கின்றனர். தறிக்கும் இழைக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களும், பிரெஞ்சு மேலாளரின் சொற்களைத் தமிழாக்கிக்கொண்ட விதமும், வேலைநிறுத்தக் காலப் பாட்டுகளும் பெரும்பாலும் எழுதப்படாதவை. அவற்றைக் கேட்டு எழுதும் இளையவர் ஒருவர் முதலில் அமர வேண்டிய இடம் அவ்வறையே. அவர் எழுதுவது அச்சானதும் ஒரு படி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கும், ஒரு படி 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும், எஞ்சியவை அஞ்சலில் வட்டத்துக்கும் எல்லைக்கும் அப்பால் உள்ள வாசகர்க்கும் செல்ல வேண்டும்.