கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

ஆர்.ஓ. இயந்திரம் விற்க வீட்டுக்கு வருபவர் முதலில் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி ஸ்விட்சைப் போடுவார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கசடு திரண்டு மிதக்கும். அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் சார் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்பார்.

மிதக்கும் அந்தக் கசடு, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. தாது உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு அரிக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது என்பதால் எதுவும் நடக்காது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி இயக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

இந்த வித்தை ஊர் ஊராகப் பலிப்பதற்குக் காரணம், தண்ணீரை நாம் கண்ணாலும் நாக்காலும் எடைபோடுவதுதான். தெளிவாக, சப்பென்று இருந்தால் நல்ல தண்ணீர்; கலங்கினாலோ கரித்தாலோ கெட்ட தண்ணீர். ஆனால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை கிருமிகளுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. சிறு ஊர்களில் குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானதா என்று அறிய வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். ஊரின் கடைசித் தெருவில், கடைசி வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்பதே அது.

எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் பலவற்றுக்கு இன்று தண்ணீர் உள்ளூரிலிருந்து மட்டும் வருவதில்லை. 1971-ல் உருவான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டியெழுப்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் காவிரி, கொள்ளிடம், வைகை, தாமிரபரணி ஆறுகளிலிருந்து தொலைதூர ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. முதுகுளத்தூர், கமுதி போன்ற ராமநாதபுரம் மாவட்ட ஊர்களுக்குத் திருச்சி அருகே காவிரிப் படுகையில் இறைத்த தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து வருகிறது.

ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளில் ஊறும் தண்ணீரை மணலே பெருமளவு வடிகட்டிவிடும். நீரேற்று நிலையத்தில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். ஊர் எல்லையில் தரைமட்டத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, பிறகு தெருக் குழாய்களில் இறங்குகிறது. இடையில் இன்னொன்றும் நடக்கும். திட்டத் தண்ணீர் போதாத நாட்களில் உள்ளூர் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றுவார்கள். திங்கட்கிழமை இனித்த தண்ணீர் வியாழக்கிழமை கரிப்பது இதனால்தான். ஆற்று நீருக்கு என்று கணக்கிட்டுப் போட்ட குளோரின், கலந்த நீருக்குப் போதாமல் போகவும் கூடும்.

தொட்டியில் என்ன நடக்க வேண்டும்?

மேல்நிலைத் தொட்டிதான் ஊராட்சியோ பேரூராட்சியோ நேரடியாகப் பொறுப்பேற்கும் இடம். சுத்தம் செய்த தேதியையும் அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய தேதியையும் தூணில் பெயின்ட்டால் எழுதியிருப்பார்கள். மேலே மூடியும், அதற்குப் பூட்டும் இருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை 2022 டிசம்பரில் வெளிவந்த பிறகு, அந்தப் பூட்டு ஏன் வேண்டும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். கணக்கு எளிது. நல்ல பவுடரில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யும் குளோரின் இருக்கும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 200 கிராம் குளோரின், அதாவது சுமார் 600 கிராம் பவுடர் தேவை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் விட்ட பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

சறுக்கல் இங்கேதான். பிளீச்சிங் பவுடர் ஈரத்திலும் வெயிலிலும் வீரியம் இழக்கும். பம்ப் அறையின் மூலையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் வீரியம் பாதியாகியிருந்தால், அதே 600 கிராம் போட்டாலும் பாதி குளோரின்தான் சேரும். பதிவேட்டில் பவுடர் போட்டதாக இருக்கும். போட்டதும் உண்மையாகவே இருக்கும். தண்ணீரில் மட்டும் போதிய குளோரின் இருக்காது.

குழாய் காலியாகும் நேரம்

தொட்டியை விட்டு இறங்கும்போது சுத்தமாக இருக்கும் தண்ணீர், தெருக்கோடிக்குப் போவதற்குள் கெட முடியும். நம் ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் இருப்பதில்லை. நாள்விட்டு நாளோ வாரம் ஒருமுறையோ, ஒன்றிரண்டு மணி நேரம் விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி.

தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது குழாயில் விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். வெளி அழுக்கு உள்ளே நுழையாது. வால்வை மூடியதும் நிலைமை தலைகீழ். குழாய் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசலைச் சுற்றித் தேங்கியிருப்பதை உறிஞ்சும். பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே புகுந்து வருகிறது. அதில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் போதும். தெருவில் யாராவது மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சினால், தண்ணீர் ஓடும் நேரத்திலேயே இதே விபரீதம் நடக்கும். மோட்டார் வைப்பவர் அடுத்த வீட்டுக்காரரின் தண்ணீரை எடுத்துக்கொள்வதோடு, தெருவுக்கே சாக்கடையைக் கூப்பிடுகிறார்.

தண்ணீர் விட்டதும் முதலில் வரும் கலங்கலைக் குடிக்கப் பிடிக்காமல் துணி துவைக்க, செடிக்கு என்று ஒதுக்குவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். அது சரியான பழக்கம். ஆனால் தெளிந்து வந்தபின் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது.

வழியில் நுழையும் கிருமியைச் சமாளிக்க உள்ள ஒரே காவலாள், தொட்டியிலிருந்து கூடவே வரும் மிச்சக் குளோரின். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 விதி, குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் வேண்டும் என்கிறது. கிருமி உள்ளே வந்தால் குளோரின் அதனோடு மோதித் தீர்ந்துபோகும். ஆகவே கடைசிக் குழாயில் குளோரின் இருந்தால் நிம்மதி. தொட்டியில் இருந்து, கடைசித் தெருவில் இல்லாமல் போனால், நடுவில் எங்கோ கசிவு இருக்கலாம் என்று தேட வேண்டும்.

ஐயாயிரம் பேர் ஊரில் நடந்தது

குளோரினைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்ட்டன் சாட்சி. சுமார் 5,000 பேர் வாழும், நம் பேரூராட்சி ஒன்றைவிடவும் சிறிய ஊர். 2000 மே மாதம் கனமழையில், பண்ணை ஒன்றில் இட்ட மாட்டுச் சாண எருவிலிருந்த கிருமிகள் ஊரின் ஆழமற்ற கிணறு ஒன்றில் இறங்கின. ஈ.கோலை வகையில் கொடிய ஓ157 அவற்றில் ஒன்று. ஏழு பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணையில் வெளிவந்தவை நமக்கு அந்நியமாகப் படாது. தண்ணீர் விடும் பணியாளர்கள் குளோரின் அளவைத் தினமும் சோதிக்காமலே, பதிவேட்டில் 0.5 அல்லது 0.75 என்று ஒரே மாதிரி எழுதி வந்தார்கள். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊரார் குறைபட்டதால் அளவைக் குறைத்தும் போட்டார்கள். அந்தத் தண்ணீர் சுத்தமானது என்று நம்பி, குளோரின் போடாமலே தாங்களும் குடித்தார்கள். மாதிரித் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று ஆய்வகம் தெரிவித்த பிறகும், கேட்ட சுகாதாரத் துறையிடம் தண்ணீர் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். மிச்சக் குளோரினை இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது விசாரணையின் முடிவு.

"மருந்து வாடை அடிக்குது, குறைச்சுப் போடுங்க" என்று நம் ஊரிலும் பேரூராட்சிக்குப் புகார் போகிறது. பிடித்துவைத்த தண்ணீரை மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். வாடையே வராத நாளில்தான் விசாரிக்க வேண்டும்.

கொதிக்க வைத்தாலும் போகாதவை

கிருமிக்குக் கொதிக்க வைப்பது கைகண்ட வழி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு ஆகியவை கொதிப்பதால் போகாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடும்.

ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது விதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலிருந்து அது நிலத்தடி நீரில் இறங்கி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகவும், பெரியவர்களின் மூட்டுகளில் இறுக்கமாகவும் படிந்தது. ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்கான பதில். அந்தப் பகுதியில் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரையே குடிப்பவர்களுக்குப் பழைய ஆபத்து தொடர்கிறது.

நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதற்குத் தளர்வே கிடையாது. உரமும் கழிவுநீரும் இறங்கும் இடங்களில் இது ஏறும். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கு ஆபத்து. டி.டி.எஸ். எனப்படும் மொத்தக் கரைந்த உப்பு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் உப்பின் கதையை மட்டுமே சொல்லும். 150 காட்டும் தண்ணீரில் டைபாய்டு கிருமி இருக்கலாம். 900 காட்டும் தண்ணீரில் ஒரு கிருமிகூட இல்லாமலும் இருக்கலாம்.

கேன் தண்ணீர் தீர்வாகுமா?

உப்பும் ஃபுளோரைடும் மிகுந்த ஊர்களில் ஆர்.ஓ. தேவைதான். ஆனால் ஆர்.ஓ. செய்து கேனில் வரும் தண்ணீரில் மிச்சக் குளோரின் இருக்காது. கேனைச் சரியாகக் கழுவாவிட்டாலோ, கவிழ்க்கும்போது கை பட்டாலோ, புகுந்த கிருமியைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. கேன் வாங்கும் வீட்டிலும் பல் துலக்குவதும் காய்கறி கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தான். கேனுக்குக் காசு கொடுப்பவரும் ஊர்க் குழாயை மறந்துவிட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

குளோரின் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். குளோரோஸ்கோப் என்ற கையடக்கப் பெட்டியின் குழலில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். இரண்டு நிமிட வேலை. பேரூராட்சியிலும் சுகாதார ஆய்வாளரிடமும் இது இருக்க வேண்டிய பெட்டி. மலக்கிருமி இருக்கிறதா என்று முதற்கட்டமாக அறிய எச்.டூ.எஸ். குப்பி உண்டு, குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட முறை இது. குப்பியில் தண்ணீர் நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும்; ஓரிரு நாளில் கறுத்தால் ஆபத்து. முழுச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை குறைவு. தரைத் தொட்டியும் மாடித் தொட்டியும் மூடியிருக்கட்டும், சீராகக் கழுவப்படட்டும். குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல் குழாய் வைத்த பாத்திரமோ நீண்ட பிடி அகப்பையோ பயன்படட்டும். தெருவில் குழாய் தோண்டிய மறுநாளும், பெருமழைக்குப் பிறகும், பக்கத்து வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மற்றதைப் பேரூராட்சியிடம் கேட்க வேண்டும். வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் "தண்ணி சரியில்ல" என்று பொதுவாகச் சொன்னால், "பார்க்கிறோம்" என்ற பதிலே வரும். கேள்வியைக் கூர்மையாக்குங்கள்: இன்று கடைசித் தெருவில் மிச்சக் குளோரின் எவ்வளவு? அளந்தது யார், எத்தனை மணிக்கு? தொட்டித் தூணில் சுத்தம் செய்த தேதியை எழுத இடம் இருக்கும்போது, அதன் கீழே இந்த எண்ணையும் தினமும் எழுத இடம் உண்டு. அதற்குப் பேரூராட்சிக்குப் புதுத் திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஒரு குளோரோஸ்கோப்பும் ஒரு சாக்பீசும் போதும்.