படிக்கட்டில் ஒரு பழைய நகரம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் வாடகைக்கு வீடு எடுக்கும் வெளிநாட்டு மாணவருக்கு முதலில் புதிராகத் தோன்றுவது, அவ்வீட்டின் முகவரி. தெருப்பெயரோடும் கட்டட எண்ணோடும் ‘3எஃப்2’ போன்றதொரு குறிப்பும் அதில் இருக்கும். மூன்றாம் தளத்தின் இரண்டாம் வீடு என்பது அதன் பொருள். தரைத்தளம் இக்கணக்கில் சேராது. பழைய கட்டடங்கள் பெரும்பாலானவற்றில் மின்தூக்கியும் இல்லை. எனவே, பெட்டிகளைச் சுமந்துகொண்டு கற்படிகளில் ஏறுவதுதான் அந்நகரத்தோடு ஏற்படும் முதல் அறிமுகம்.

அப்படிக்கட்டு உற்றுநோக்கத் தக்கது. தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறி இறங்கியதால் ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். உச்சியில் உள்ள கண்ணாடிக் கூரை வழியே பகலொளி கீழிறங்கும். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு மூன்று வீட்டுக் கதவுகள் அப்படிக்கட்டை நோக்கித் திறக்கும். அதனைத் தூய்மையாக வைத்திருப்பது அங்கே குடியிருக்கும் அனைவரின் கடமையாகும். முறைவைத்துக் கூட்டுவோரும் உண்டு. பணம் சேர்த்து ஆள் அமர்த்துவோரும் உண்டு. முறையை மறந்த புதியவர்க்கு அண்டை வீட்டார் நினைவூட்டத் தவறுவதில்லை. அறிமுகம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

உயர்ந்து வளர்ந்த ஊர்

சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் அடங்கிப்போன எரிமலையின் பாறைமீது எடின்பரோக் கோட்டை நிற்கிறது. கோட்டையிலிருந்து கிழக்கே ஹோலிரூட் அரண்மனை வரை, மீனின் முதுகெலும்பு போலச் சரிந்து செல்வது ‘ராயல் மைல்’ என்னும் நெடுந்தெரு. அதன் இருபுறமும் முள்ளெலும்புகளாகப் பிரிபவை குறுஞ்சந்துகள். அவற்றை அவ்வூரார் ‘குளோஸ்’ என்பர். 1513ஆம் ஆண்டு ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து தோற்றபின், நகரைச் சுற்றிப் புதிய மதில் எழுந்தது. மதிலுக்கு வெளியே குடியேற மக்கள் அஞ்சினர். உள்ளேயோ இடம் இல்லை. ஆதலின் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. சரிவுப் பக்கத்திலிருந்து எண்ணினால் பத்து மாடிகளைத் தாண்டிய கட்டடங்களும் அக்காலத்திலேயே இருந்தன.

அக்கட்டடங்களில் செல்வரும் எளியவரும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தினர். நடுத்தளங்களில் பிரபுக்களும் வழக்கறிஞர்களும் வாழ்ந்தனர். உச்சியிலும் நிலவறையிலும் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்தனர். குடிநீரைத் தோளில் சுமந்து மேலேற்றுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். கழிவுநீரை இரவில் குரல் கொடுத்துவிட்டுச் சன்னல் வழியே கொட்டுவது வழக்கம். இதையெல்லாம் பொற்காலம் என்று போற்ற வேண்டியதில்லை. ஆயினும் நீதிபதியும் செருப்புத் தைப்பவரும் நாள்தோறும் எதிரெதிரே கண்டுகொண்ட ஊர் அது.

1767இல் ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளம் கட்டடக் கலைஞரின் திட்டப்படி வடக்கே ‘புதுநகர்’ உருவாகத் தொடங்கியது. அகன்ற தெருக்களையும் ஒழுங்கான சதுக்கங்களையும் நாடிச் செல்வர்கள் இடம்பெயர்ந்தனர். ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் வாழ்ந்த மெய்யியல் அறிஞர் டேவிட் ஹியூமும் 1771இல் அங்கே குடிபெயர்ந்தார். பழைய நகரில் எஞ்சியோர் ஏழைகளே. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு பல குடும்பங்களுக்குக் கூறுபோடப்பட்டது. பழுது பார்ப்பார் எவரும் இல்லை. 1861 நவம்பர் 24ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் நெடுந்தெருவில் ஓர் அடுக்குக் குடியிருப்பு அப்படியே சரிந்து வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். இடிபாட்டுக்குள்ளிருந்து, தான் இன்னும் உயிரோடிருப்பதாகக் குரல்கொடுத்த சிறுவன் ஒருவன் மீட்கப்பட்டான். அவன் சொற்களும் ஒரு சிறுவனின் முகமும் இன்று பெய்ஸ்லி குளோஸ் நுழைவாயிலின் மேல் செதுக்கப்பட்டுள்ளன.

குடியேறிய அறிஞர்

அதன்பின் 1867ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டப்படிப் பல சந்துகள் இடிக்கப்பட்டு அகன்ற தெருக்கள் அமைந்தன. நோய்க்கு மருந்து இடிப்பதே என்று பலரும் நம்பிய காலத்தில், உயிரியல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ் வேறுவழியில் சிந்தித்தார். 1886இல் அன்னா மார்ட்டனை மணந்த அவர், புதுநகரில் வசதியான இல்லம் தேடவில்லை. ஹியூம் நீங்கிச் சென்ற அதே ஜேம்ஸ் கோர்ட்டில், பாழடைந்த குடியிருப்பில் மனைவியோடு குடியேறினார். முற்றத்தைக் கூட்டினர், சுவருக்கு வெள்ளையடித்தனர், சன்னல்களில் பூச்செடி வைத்தனர். அண்டை வீட்டாரும் மெல்ல மெல்ல அப்பணியில் சேர்ந்தனர்.

மீட்கவே இயலாத கட்டடத்தை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் சிறு தோட்டமோ முற்றமோ அமைத்து, மற்றவற்றைச் செப்பனிட்டு மக்களை அங்கேயே வாழவிடுதல் கெடிஸ் கண்ட முறை. அதற்குக் ‘காக்கும் அறுவை மருத்துவம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1887இல் மாணவர்கள் தாமே நிருவகிக்கும் விடுதியைப் பழைய நகரில் தொடங்கினார். வெளியூர் மாணவர் அங்கே தங்கினால் நகரின் உயிர் மீளும் என்பது அவர் கணக்கு.

1914இல் இந்தியா வந்த கெடிஸின் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ கப்பலோடு கடலில் மூழ்கின. மூழ்கடித்தது, அதற்குச் சில வாரங்களுக்கு முன் சென்னையைத் தாக்கிய அதே ‘எம்டன்’ கப்பல்தான்! நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட நகரங்களையும் கால்நடையாகச் சுற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பழந்தெருக்களை அழித்து நேர்க்கோட்டுச் சாலை போடுவதைவிட, இருக்கும் சந்துகளையே சீர்செய்து மரம் நடுவது சிறந்தது என்பதே அங்கும் அவர் கருத்து.

இன்றைய குடியிருப்பாளர்

எடின்பரோவின் பழைய நகரும் புதுநகரும் 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. பெருமையோடு ஒரு சிக்கலும் வளர்ந்தது. மாத வாடகையைவிட நாள் வாடகை மிகுதியாகக் கிடைப்பதால், வீடுகள் பல சுற்றுலாத் தங்குமிடங்களாக மாறின. படிக்கட்டில் வாரந்தோறும் புதிய முகங்கள். முறைவைத்துக் கூட்டுவதற்கு ஆளில்லை. ஆகவே, 2022 செப்டம்பர் 5 முதல் நகர் முழுவதும் குறுகியகால வாடகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கப்பட்டது. தாம் குடியிராத முழுவீட்டைப் புதிதாக அவ்வாறு விட விரும்புவோர் திட்ட அனுமதி பெற வேண்டும்.

குடிவருவோர்க்கும் பாதுகாப்பு உண்டு. முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது; வீட்டு உரிமையாளர் அதனை 30 வேலைநாள்களுக்குள் அங்கீகாரம் பெற்ற பொதுக்காப்பில் செலுத்த வேண்டும். குடிவந்த அன்றே சுவர்க்கறை, உடைந்த தாழ்ப்பாள் முதலியவற்றைப் படம்பிடித்து வைப்பவர், வீட்டைவிட்டு நீங்கும் நாளில் வாதாட நேராது. கல்வீட்டில் குளிரும் ஈரமும் மிகுதி. துணிகளை அறைக்குள் உலர்த்தினால் சுவரில் பூஞ்சை படரும். நண்பகல் கடந்து ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி முழங்கும். 1861 முதல் வரும் வழக்கம் அது, ஞாயிறன்று இல்லை. முதல்முறை கேட்பவர் திடுக்கிடுவார். ஒரு திங்கள் கழிந்தபின் அவரும் மற்றவரைப் போலக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு நடப்பார். அந்த வாரம் படி கூட்டும் முறை யாருடையது என்பதையும் அறிந்திருப்பார்.