ஆலையை மூடும் அதிகாரம் யாருக்கு?

ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் பயிரிடும் வல்லத்து மக்களாகிய நமக்குத் தூத்துக்குடி வழக்கு நல்லதொரு பாடமாகும்.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அதிகாரம் அளித்தன. அதன் இசைவாணையின்றி இத்தகைய ஆலைகள் இயங்கலாகாது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை, மாசு விளைவித்ததற்காக 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; ஆயினும் ஆலை இயங்க அனுமதித்தது. 2018 ஏப்ரலில் வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தது. மே மாதம், ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். அதன் பின்னரே அரசு நிரந்தரமாக மூட ஆணையிட்டது.

டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை நீக்கியது. அவ்வாறு நீக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமில்லை என 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூடியது சரியே என 2020இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன.

ஆலை மூடியதால் பிழைப்பை இழந்த குடும்பங்களும் உண்டு. மாசை முளையிலேயே தடுத்திருந்தால் உயிரும் தொழிலும் தப்பியிருக்குமன்றோ? அதிகாரம் ஏட்டில் இருந்தால் போதாது. காலத்தில் பயன்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் விழிப்பு நமக்கு வேண்டும்.