நண்பகலில் மிஞ்சும் மின்சாரம் மாலையில் ஏன் போதவில்லை?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தெல்தோட்டையில் நல்ல வெயில். முற்பகல் பதினொரு மணி தாண்டிய சற்று நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் பகுதியில் அது பெரிய செய்தியல்ல. மழைக்காலத்தில் ஒரு மரக்கொப்பு கம்பியில் விழுந்தாலே போதும். ஆனால் அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை. கண்டியில் இருக்கும் நண்பருக்கு எடுத்தேன். அங்கும் இல்லை. கொழும்பில் இல்லை. யாழ்ப்பாணத்திலும் இல்லை. நாடு முழுவதும் இருண்டிருந்தது, அதுவும் பட்டப்பகலில்.

பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். நாடு சிரித்தது. இரண்டு நாட்களுக்கு முகநூலில் குரங்கைத் தவிர வேறு பேச்சில்லை.

எதிர்வீட்டு நானா சிரிக்கவில்லை. அவருடைய கூரையில் சோலார் இருக்கிறது. "தம்பி, வெயில் இப்பிடி அடிக்குது. என்ட கூரையில கரண்ட் வருது. அப்ப என்ட வீட்டிலயும் ஏன் இருட்டு?" என்று கேட்டார். குரங்குக் கதையை விட நல்ல கேள்வி அது. அதற்குப் பதில் தேடிப் போனால், இந்த நாட்டின் அடுத்த இருபது ஆண்டு மின்சாரக் கணக்குக்குள் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

சுழலும் எடை

நானாவின் கேள்விக்கு நேரடிப் பதில் எளிது. பெரும்பாலான கூரைச் சோலார்களின் இன்வேர்ட்டர், வெளியே கம்பியில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். கம்பியில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். கம்பியைத் திருத்த ஏறுகிறவர் கூரையிலிருந்து வரும் மின்சாரத்தால் சாகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்கலமும் அதற்குரிய அமைப்பும் இல்லாத வீட்டில் சோலார் இருந்தும் இருட்டுத்தான்.

ஆனால் ஓர் உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு ஏன் முழுத் தீவையும் வீழ்த்தியது?

பழைய தையல் மெஷினைப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் சில்லு தன் எடையால் சுற்றும். இன்னும் இரண்டு தையல் போகும். விக்டோரியாவிலும் நுரைச்சோலையிலும் உள்ள மின்பிறப்பாக்கிகள் அப்படிப்பட்ட பெரிய சில்லுகள். நாடு முழுவதும் அவை ஒரே தாளத்தில், செக்கனுக்கு 50 சுற்று என்ற அலைவில் (50 ஹேர்ட்ஸ்), ஒன்றாகச் சுழல்கின்றன. எங்காவது ஒரு நிலையம் திடீரென நின்றால், மற்றச் சில்லுகளின் எடை சில விநாடிகளுக்குத் தாளம் குலையாமல் தாங்கும். அந்தச் சில விநாடிகளில்தான் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்ட முடியும். சோலார் தகட்டில் சுழலும் எடை எதுவும் இல்லை. சாதாரண இன்வேர்ட்டர் மற்றவர்கள் போடும் தாளத்துக்கு ஆடும். தாளம் குலைந்தால் ஒதுங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், அலுவலகங்கள் இயங்கா. தேவை குறைவு. வெயிலோ உச்சம். ஆகவே சோலார் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, சுழலும் இயந்திரங்கள் பலவற்றை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அன்று தாங்குவதற்குச் சில்லுகள் போதாமல் இருந்தன என்பதே மின்சார சபை பின்னர் தந்த விளக்கத்தின் சாரம். குரங்கு தீப்பெட்டியை உரசியது உண்மை. விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது.

மாலைக்குள் விளக்குகள் வந்தன. ஆனால் நுரைச்சோலையின் மூன்று நிலக்கரி இயந்திரங்களும் நின்றுபோயிருந்தன. ஒவ்வொன்றும் 300 மெகாவொட். குளிர்ந்த நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் எழுப்ப முடியாது. ஆகவே அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. பகலில் மின்சாரம் மிஞ்சியதால் விழுந்த நாடு, இரவில் மின்சாரம் போதாமல் இருட்டில் இருந்தது.

வெயிலை அணைக்கச் சொன்ன ஏப்ரல்

இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தது. நாடே விடுமுறை. தேவை இன்னும் குறையும் என்று பயந்த மின்சார சபை, கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அவற்றை அணைத்து வைக்குமாறு கேட்டுக்கொண்டது. ஒரு காலத்தில் 'போடுங்கள், போடுங்கள்' என்று அழைத்த அரசு இப்போது அணைக்கச் சொல்கிறது என்று பலருக்குக் கோபம்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்தை அரசு தொடங்கியபோது, கூரையிலிருந்து வரும் ஓர் அலகுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா, அதன்பின் 15.50 ரூபா என்று இருபது ஆண்டுக்கு விலை வைத்தது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்த பிறகு, வசதியுள்ளவர்கள் கடன் வாங்கியாவது சோலார் போட்டார்கள். கூரைகளின் மொத்தக் கொள்ளளவு 1000 மெகாவொட்டைத் தாண்டிப் போனது. நுரைச்சோலையை விடப் பெரிய ஒரு மின்நிலையம் வீட்டுக் கூரைகளில் எழுந்துவிட்டது. ஆனால் அதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூட்டவோ குறைக்கவோ முடியாது. நண்பகலுக்கு வாங்கிய அதே விலைக்கு மாலை ஆறரை மணிக்கு ஓர் அலகுகூட அது தராது.

நமக்கோ மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவது மாலை 6.30 முதல் 10.30 வரை. மின் கட்டண அட்டவணையே அதை உச்ச நேரம் என்கிறது. அந்த நேரத்தில் நாட்டின் தேவை 2500 மெகாவொட்டைக் கடக்கும். விடுமுறை நாளின் நண்பகலில் அது அதற்கு எவ்வளவோ கீழே.

மூன்று காலம், மூன்று சக்தி

காற்றைக் கொண்டுவந்தால் சரியாகுமா? ஓரளவு. மன்னார்த் தீவில் 2020இல் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைகள் சுமார் 100 மெகாவொட். காற்று இரவிலும் வீசும். ஆனால் மன்னாரில் அது பலமாக வீசுவது மே முதல் செப்டெம்பர் வரையான சோளகக் காலத்தில். அதே தென்மேல் பருவமழைதான் மேற்குமலைச் சரிவில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களையும் நிரப்புகிறது. அதாவது காற்றும் அந்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் உச்சம்; காற்றும் குறைவு, நீரும் குறைவு. கடைசியில் நிலக்கரியையும் எண்ணெயையும் தேடி ஓட வேண்டியிருப்பது அப்போதுதான்.

இதையெல்லாம் முன்கூட்டிக் கணக்கிடவே ஒரு திட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ், அடுத்த இருபது ஆண்டுக்கான மின் உற்பத்தித் திட்டத்தை மின்சார சபை தயாரிக்க, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை அங்கீகரித்து வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்பட்டது. 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நாம் ஏற்கெனவே பாதியைத் தொட்டிருக்கிறோம். ஆனால் அதில் பெரும்பங்கு நீர். மீதித் தூரத்தைக் காற்றும் வெயிலும்தான் கடக்க வேண்டும்.

சிக்கல், எத்தனை மெகாவொட் என்பதில் மட்டும் இல்லை. வீட்டுக் கூரையில் சோலார் போடச் சில நாட்கள் போதும். உயர் அழுத்தக் கம்பி இழுக்கப் பல ஆண்டுகள் ஆகும். மன்னாரின் காற்றை நாட்டுக்குக் கொண்டுவர, நடுக்குடாவில் உபமின்நிலையமும் அநுராதபுரம் வரை புதிய கம்பியும் தேவைப்பட்டன. திட்டத்தில் கம்பி பிந்தினால் காற்றாலை சும்மா நிற்கும். மக்களைப் பிறகு கேட்கலாம் என்று விட்டால் திட்டமே நிற்கும். அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு மன்னாரில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளம் தேங்குவது பற்றியும், வலசை வரும் பறவைகள் பற்றியும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இடம் இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஆடிக்காற்றில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் சச்சரவு பழையது. ஆனால் 2013 டிசம்பர் 31 முதல் தென்னிந்தியா முழு இந்திய வலையமைப்போடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கிறது. மிஞ்சியதை அனுப்பலாம், குறைந்ததை வாங்கலாம். நாம் தனித் தீவு. இந்தியாவோடு மின் இணைப்புக்கு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கம்பி வரக் காலம் எடுக்கும். அதுவரை மிஞ்சுவதை நாமேதான் சேமிக்க வேண்டும்.

விக்டோரியாவில் விட்டுவைத்த வாசல்

சேமிப்பு என்றதும் எல்லோரும் மின்கலத்தை நினைக்கிறார்கள். அதுவும் தேவை. நொடியில் தாங்குவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. உபமின்நிலையங்களில் பெரிய மின்கலங்கள் வைக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. அரநாயக்கப் பக்கம் 600 மெகாவொட் நீரேற்று நிலையம் ஒன்றும் திட்டத்தில் உண்டு: பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் 1980களிலிருந்தே இது நடக்கிறது.

ஆனால் எங்கள் மலைக்குக் கிழக்கே, மகாவலிப் பள்ளத்தாக்கில், ஏற்கெனவே ஒரு பெரிய மின்கலம் இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா. அதற்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. அங்கு 70 மெகாவொட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 210. அணையைக் கட்டியபோதே, பின்னாளில் இன்னொரு தொகுதி இயந்திரங்கள் வைப்பதற்கென நீர் உள்வாங்கும் வாயிலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஏறத்தாழ இதே அளவு கொள்ளளவைச் சேர்க்கலாம் என்று 2009இல் ஜப்பானிய உதவியுடன் சாத்தியக்கூற்று ஆய்வும் முடிந்தது. இயந்திரங்கள் இன்னும் வரவில்லை.

இதனால் தண்ணீர் இருமடங்காகாது. ஆண்டு முழுவதும் கிடைக்கும் அலகுகளும் பெரிதாகக் கூடா. ஆனால் வெயில் உள்ள பகலில் தண்ணீரைப் பிடித்து வைத்து, மாலை நான்கு மணிநேரத்தில் இருமடங்கு வேகத்தில் திறக்கலாம். கீழே ரந்தெனிகல அதை வாங்கி வைத்து விவசாயிக்கு விடும். அந்தக் கணக்கிலும் கவனம் வேண்டும். 2023 ஓகஸ்டில் சமனலவெவ நீரை வயலுக்கு விடுவதா, மின்சாரத்துக்கு வைப்பதா என்று நடந்த இழுபறியை மறக்க முடியாது.

நாற்பது ஆண்டுக்கு முன் யாரோ ஒரு பொறியியலாளர், தான் பார்க்கப்போகாத ஒரு தேவைக்காக ஒரு வாசலை விட்டுவைத்தார். நீண்டகாலத் திட்டமிடல் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான். அந்த வாசல் இத்தனை காலம் மூடியே கிடப்பது, திட்டமும் செயலும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதற்கும் உதாரணம்.

யாருடைய கூரை?

தெல்தோட்டையிலிருந்து லூல்கந்துர தூரமில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட தோட்டம். இந்தப் பக்கத்து லயன்களில் இருப்பவர்களுக்குச் சோலார் போடச் சொந்தக் கூரை இல்லை. லயனும் நிலமும் அவர்கள் பெயரில் இல்லை. கூரையுள்ளவர் பகலில் மின்சாரம் விற்கிறார். கூரையில்லாதவர் மாலையில் மின்சாரம் வாங்குகிறார். மாலை மின்சாரத்துக்கான எண்ணெய்ச் செலவு கட்டணத்தில் ஏறினால் அது இருவர் பட்டியலிலும் ஏறும். ஒருவருக்கு மட்டும் அதைச் சரிக்கட்ட வழியுண்டு.

மின்கலம் வைத்து உச்ச நேரத்தில் மின்சாரம் தரும் கூரைகளுக்குக் கூடிய விலை தரலாம். அது சரியான திசை. கூடவே, தோட்டத்துப் பாடசாலைக் கூரையிலும் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையிலும் வைக்கும் சோலாரில் லயன் மக்களுக்கும் ஒரு பங்கு என்ற ஏற்பாடு திட்டத்துக்குள் வரவேண்டும். இருபது ஆண்டுத் திட்டத்தில் மெகாவொட்டுக்கு அட்டவணை இருக்கிறது. யாருக்கு என்பதற்கும் ஓர் அட்டவணை வேண்டும்.

நானா இப்போது மின்கலம் வாங்குவதா என்று யோசிக்கிறார். விலை அதிகம். "பகல் கரண்ட ராவைக்கு வச்சுக்கத்தானே இவ்வளவு பாடு, தம்பி?" என்றார். ஆம். நானாவுக்கும் அதுதான் பிரச்சினை, நாட்டுக்கும் அதுதான்.