ஒரு கட்டத்தைத் திருத்தினால் மொத்தக் கணக்கும் மாறுவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் கணக்கை எக்செல்லில் எழுதிப் பாருங்கள்: பால் விலை, சர்க்கரை விலை, அடக்க விலை, விற்பனை விலை. பால் விலையை மட்டும் திருத்தினால் சூத்திரங்களாக எழுதிய கடைசி இரண்டும் தாமாகவே மாறும். ஏன்?

வழக்கமான நிரல் சமையல் குறிப்பு போன்றது. 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று வரிசை சொல்லும். எக்செல்லில் எழுதப்படுவது வரிசையல்ல, எது எதைச் சார்ந்தது என்ற உறவு.

நாளிதழ் போடுபவரிடம் சந்தா வீடுகளின் பட்டியல் இருக்கும். அதுபோல ஒவ்வொரு கட்டத்தையும் சார்ந்தவை எவை என்ற பட்டியல் கணினியிடம் உண்டு. பால் விலை மாறியதும் அடக்க விலைக்குத் தகவல் போகும். அங்கிருந்து விற்பனை விலைக்கு. சர்க்கரைக் கட்டம் அசையாது.

ராஜபாளையம் நூற்பாலையின் பஞ்சு விலை, நூல் விலைக் கணக்குக்கும் இதே வழிதான்.

1979இல் வந்த விசிகால்க் என்ற மென்பொருள் இத்தகைய அட்டவணையைச் சிறு கணினிகளுக்குக் கொண்டுவந்தது.

ஒரே எச்சரிக்கை: இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்தால் கணக்கு வட்டமடிக்கும், வழக்கமாக விடை கிடைக்காது.