சுமிதா ஆற்றங்கரையில் சிவகாசி வாசனை

நரிதா விமான நிலையத்தில் இறங்கியதும் ஜப்பான் என்னிடம் முதலில் கேட்டது இரண்டு ஆள்காட்டி விரல்களைத்தான். வெளிநாட்டுப் பயணிகள் குடியேற்ற மேசையில் ரேகை பதிக்க வேண்டும், 2007-லிருந்து அப்படித்தான். என் விரலைக் கருவி உடனே ஏற்றுக்கொண்டது. எனக்கு அம்மா நினைவு வந்தது. முப்பது வருஷமாகப் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்த கை அவளுடையது. முந்தானையில் நாலைந்து முறை துடைத்துத் துடைத்து வைத்தாலும் ரேஷன் கடைக் கருவி ஏற்காது.

சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னார் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்தக் காலத்தில் நம் அடுப்புகளைப் பற்றவைத்தவை பெரும்பாலும் ஸ்வீடன், ஜப்பான் தீக்குச்சிகள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது; லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. பெயரைச் சுமந்த ஊரிலிருந்து, அந்தப் பெயருக்குரிய நாட்டைப் பார்க்க வந்திருந்தேன்.

வெளியே வந்ததும் ஜூலை மாதப் புழுக்கம் உடம்பில் ஒட்டியது. வெயில் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் கரிசல் வெயில் காய்ந்த வெயில். வெடிமருந்து நமத்துப் போகாமல் காப்பது அந்த வறட்சிதான். தொழில் அங்கே வேர்விட்டதற்கும் அது ஒரு காரணம். இந்த ஈரக்காற்றில் இவர்கள் எப்படி வெடி செய்கிறார்கள்? டோக்கியோவின் அசாகுசா போய்ச் சேரும்வரை ரயிலில் இதே யோசனை. ரயிலின் அமைதியைப் பற்றி, குப்பையில்லாத தெருக்களைப் பற்றி முன்பே போய்வந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எல்லாம் உண்மை.

நான் வந்ததே சுமிதா ஆற்று வாணவேடிக்கைக்காக. ஜூலை கடைசிச் சனிக்கிழமை நடக்கும். 1733-ல், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் இறந்தவர்களை நினைத்துத் தொடங்கியது என்று சொல்கிறார்கள். இப்போது ஒரே மாலையில் ஏறத்தாழ 20,000 வாணங்கள். அவர்கள் மொழியில் வாணவேடிக்கைக்கு ‘ஹனபி’ என்று பெயர். ஹன என்றால் பூ, பி நெருப்பு. மத்தாப்பூ என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவே படவில்லை.

ஏழு மணிக்கு முதல் வாணம் ஏறியது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உருண்டையாக விரிகிற பூ. சிவப்பென்றால் ஸ்ட்ரான்சியம், பச்சையென்றால் பேரியம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் எங்கள் பகுதியில் எத்தனை வீடுகளில் உலை வைக்க யோசித்தார்கள் என்பதை அந்தப் பச்சையைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன். அந்த வழக்குக்குக் காரணமான டெல்லியின் காற்றும் முக்கியம்தான். சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் குழாய் சுற்றுகிறவளின் சாப்பாடும் முக்கியம்.

பெரிய வாணம் ஒன்று விரிந்தபோது பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் “தமயா...” என்று நீட்டிக் கூவினார். கூட்டத்தில் இன்னொரு மூலையிலிருந்து “ககியா...” என்று குரல் வந்தது. இரண்டும் பழைய வெடிக்கடைகளின் பெயர்கள். ககியா 1659-ல் தொடங்கியது. அதிலிருந்து 1810-ல் பிரிந்தது தமயா. 1843-ல் தமயாவில் பிடித்த தீ தெருவுக்கும் பரவியது. கடைக்காரரை ஊரைவிட்டே வெளியேற்றிவிட்டார்கள். கடை போய் நூற்றெண்பது வருஷம் ஆகியும் பெயரை இன்னும் வானத்தைப் பார்த்துக் கூவுகிறார்கள்.

அந்தக் குரல் என்னைக் கலக்கிவிட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது ஏதாவதொரு தீபாவளி இரவில், ஏதாவதொரு மொட்டைமாடியில் உச்சரிக்கப்பட்டிருக்குமா? எங்கள் பெட்டிகளில் மயில் இருக்கும், சாமி இருக்கும், சினிமா நடிகை இருப்பார். திரி வைத்தவர், மருந்து கெட்டித்தவர் யாரென்று எந்த லேபிளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் அன்றுவரை தோன்றியதில்லை.

புகையோடு கருகிய காகிதத் துணுக்கு ஒன்று என் மடியில் விழுந்தது. பழுப்புக் காகிதம், பல அடுக்காக ஒட்டியது. வாண உருண்டையின் மேல் இப்படிக் காகிதத்தைக் கையால் சுற்றிச் சுற்றி ஒட்டுவார்கள். முகர்ந்தேன். எங்கள் தெருவின் தீபாவளிக் காலை வாசனை.

அம்மாவுக்கு போன் செய்தேன். அங்கே மாலை ஐந்து மணி, வேலை முடிந்து வந்திருந்தாள்.

“எல்லாம் வெடிச்சுச்சாப்பா? ஒண்ணுகூட நமத்துப் போகலையா?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

“இம்புட்டு ஈரத்துலயா? கெட்டிக்காரவுகதான்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “தாளு சுத்துறவுகளுக்கு அங்க எம்புட்டுக் கூலி குடுக்காகளாம்?”

அதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் பக்கம் திரும்பி, போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தேன்.