'மன்மதன் அம்பு': வீட்டுக்கு வீடு வழக்கு

2010-இல் வெளிவந்த 'மன்மதன் அம்பு' படத்தைப் பற்றி நம் குடும்பங்களில் இன்றும் இரு கட்சிகள் உண்டு. நடிகை நிஷா (திரிஷா) ஐரோப்பாவில் கப்பற்பயணம் செய்கிறாள். ஐயுற்ற காதலன் மதனகோபால் (மாதவன்), அவளை வேவு பார்க்க மேஜர் மன்னாரை (கமல்ஹாசன்) அமர்த்துகிறான். அவள்மீது குற்றமில்லை என மன்னார் மெய்யுரைத்தான், கூலி கிட்டவில்லை. புற்றுநோயுற்ற நண்பனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டுமே! பொய்யுரைத்தான்.

நண்பனுக்காகச் சொன்ன பொய்தானே என்பர் ஆடவர் பலர். ஒரு பெண்ணின் நற்பெயரை விற்றா மருந்து வாங்குவது என்று சீறுவர் தாய்மார்கள். நாம் தாய்மார் கட்சியே. ஆயினும் மாதவன் தொலைபேசியில் புலம்பும்போது சிரிப்பை அடக்க இயலவில்லை. பிற்பகுதிக் குழப்பக் கூத்து சற்று மிகை என்பதில் மட்டும் இரு கட்சியாரும் ஒன்றுபடுகின்றனர்.